சும்மா இருக்கிற மணல்

மணல் பொங்கியது.

சமையல் மேடைமேல் வைத்த தட்டில் ஒரு ஸ்பூன் மணலும் நாலு சொட்டு வினிகரும் சேர்ந்து சுறுசுறுவென்று நுரைத்தன. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முகத்தில் வருத்தமே இல்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்திதான் இருந்தது.

"தள்ளு!" என்றார்.

பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் அவர் தரம் பார்ப்பவர். நெளிந்த மூடி எதைக் கண்டாலும் "தள்ளு" என்பார். அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் 'தள்ளு சார்'. அவருடைய பிரிவின் சுவரில் 'எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வை' என்று பெரிதாக எழுதியிருக்கும். எழுத வைத்தவரும் அவர்தான். வீட்டிலும் அதே சட்டம். சாப்பிடுகிற ஸ்பூனை மணலில் விட்டால் மனைவி ஒரு பிடி பிடிப்பாள் என்று, மாமியார் எப்போதோ வந்தபோது அலமாரி மூலையில் வைத்துவிட்டுப் போன டப்பாவில் கிடந்த ஸ்பூனைத்தான் அவர் ஆய்வுக்கு ஒதுக்கியிருந்தார். இப்போதும் அதைக் கழுவி, உதறி, அதே டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் மனைவியைக் கூப்பிட்டார்.

"பாத்தியா? கடைக்காரன் காதுல பூ சுத்தியிருக்கான்."

மனைவி தட்டைப் பார்க்கவில்லை. குளியலறை வாசலில் இருந்த பக்கெட்டைப் பார்த்தாள். அதற்குள் அவள் அப்பாவின் மீன்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. மீன்களுக்கு நடுவே செடிகள் வேரைத் தொங்கவிட்டு மிதந்தன.

"ஞாயித்துக்கிழமை அப்பா வர்றார்ங்க" என்றாள்.

அதுதான் விஷயம். மாமனார் சிறிய வீடு ஒன்றுக்குக் குடிபோகிறார். அவருடைய பெரிய கண்ணாடித் தொட்டிக்கு அங்கே இடமில்லை. சின்ன மகள் கேட்டாள் என்று தொட்டியை இங்கே அனுப்பிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார். ஒழுங்காக அமைந்திருந்தால் தொட்டி இங்கே. இல்லாவிட்டால் மூத்த மாப்பிள்ளை வேனோடு வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார். பள்ளிக்கூட நாட்களில் அந்தத் தொட்டியின் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் மனைவி பாடம் படித்தாள். அதை அக்கா வீட்டுக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமே இல்லை.

வீடு மாற்றும் ஆட்கள் பழைய மணலை வழியிலேயே கொட்டிவிட்டிருந்தார்கள். மாமனார் போனில் ஒரே ஒரு புத்திமதிதான் சொல்லியிருந்தார்.

"மாப்பிள்ளை, சும்மா இருக்கிற மணலாப் பாத்துப் போடுங்க. தண்ணியில எதையும் கரைச்சு விடாம, தான் உண்டு தன் வேலை உண்டுன்னு இருக்கணும். சுண்ணாம்பு, கிளிஞ்சல், சோடா, எது கலந்திருந்தாலும் வினிகர் பட்டா பொங்கிடும். பொங்கலேன்னா தைரியமாப் போடுங்க."

இதைக் கேட்டபோது மனைவி, "வீட்ல சும்மா இருக்க ஒருத்தர் போதாதா?" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக மாமனார் ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறார். அதுவும் தரம் பார்க்கிற பொறுப்பு! இதில் சகலையிடம் தோற்றுவிட்டு அப்புறம் தொழிற்சாலையில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு "தள்ளு" என்பது?

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வளர்ப்பு மீன் கடைக்குப் போனார்.

"சார், இது சுத்தமான மணல் சார். என் கடைத் தொட்டி எல்லாத்துலயும் இதான் கிடக்கு" என்றார் கடைக்காரர்.

"அப்போ உங்க மீனை நினைச்சாப் பாவமா இருக்கு."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வேறு மூட்டை கொடுத்தார். வீட்டில் அதுவும் பொங்கியது. அடுத்த தெருக் கடையில் கறுப்பு மணல் வாங்கினார். அது இன்னும் ஜோராகப் பொங்கியது.

"வினிகர் கெட்டுப் போயிருக்குமோ?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி என்று புது பாட்டில் வாங்கி வந்து திறந்தார். இரண்டு மணலும் மறுபடி பொங்கின.

"வினிகர் நல்லாத்தான் இருக்கு. ஊருதான் கெட்டுப் போச்சு."

"எதுக்கும் சர்க்கரையில விட்டுப் பாருங்களேன். அது பொங்காதுல்ல?"

ஆய்வு ஸ்பூனை டப்பாவிலிருந்து எடுத்து, சர்க்கரையை அள்ளித் தட்டில் போட்டு வினிகரை விட்டார். சர்க்கரை பொங்கியது.

மனைவி தட்டருகே குனிந்தாள். "சர்க்கரை எப்படிங்க பொங்கும்?"

"கலப்படம்!" என்றார் அவர். "நல்ல வேளை கண்டுபிடிச்சேன். இத்தனை நாளா காப்பியில சுண்ணாம்பைக் கலக்கிக் குடிச்சிருக்கோம்."

அன்றிலிருந்து வீட்டில் காப்பி கசந்தது. அவர் அதைப் பெருமையோடு குடித்தார்.

ஊரில் நல்ல மணல் இல்லை என்றால், இருக்கிற மணலை நல்லதாக்குவது என்று முடிவெடுத்தார். சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தால் கழுவினால் போகாதா? மணலைத் தலையணை உறையில் கட்டி, வாஷிங் மெஷினுக்குள் போட்டு, வினிகரையும் ஊற்றி ஓடவிட்டார். மெஷின் கொஞ்ச நேரம் கடகடத்தது. பிறகு உறை கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு மெஷினிலிருந்து எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

மனைவி ஓடிவந்தாள். "மெஷினுக்கு என்ன ஆச்சு?"

"சும்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மெஷினின் வயிற்றிலிருந்து கையால் தோண்டி எடுத்த மணலை மொட்டைமாடியில் உலர்த்தி, மறுபடி ஆய்வு செய்தார். பொங்கியது. அன்றைக்கு மனைவி அவரோடு பேசவில்லை. அவருக்குமே கொஞ்சம் கலக்கமாக இருந்தது. ஆனால் தன்மேல் சந்தேகம் வரவில்லை. அது அவருக்கு வருவதில்லை.

கீழே, குடியிருப்பின் சுற்றுச்சுவரைப் பழுதுபார்க்க மணல் குவித்திருந்தார்கள். அதில் ஒரு பிடி அள்ளி வந்து பார்த்தார். அதுவும் பொங்கவே, நேராகக் குடியிருப்புச் செயலாளரை அழைத்து வந்து காட்டினார்.

செயலாளர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, பொங்குற மணல்ல சுவர் கட்டினா, சுவரு நாளைக்குப் பொங்காதா சார்?"

"அதை நான் சொல்ல மாட்டேன். என் வேலை தள்ளுறதோட சரி."

செயலாளர் கொத்தனாரைப் பாதியில் நிறுத்தி அனுப்பினார். சுற்றுச்சுவர் இடுப்புயரத்தோடு நின்றது. அடுத்த நாளே ஒரு மாடு அதைத் தாண்டி உள்ளே வந்து எல்லோருடைய செடியையும் மேய்ந்தது. ஆனாலும் மாடிப்படியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "சார் மட்டும் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்!" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமனார், மாமியார், கயிறும் கையுமாகச் சகலை. கூடத்தில் தொட்டி காலியாக நின்றது. மீன்கள் இன்னும் பக்கெட்டிலேயே இருந்தன.

மாமனார் பக்கெட்டைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். "ஒரு மூட்டை மணல் வாங்க முடியலையா மாப்பிள்ளை?"

சகலை கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார். மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் தள்ளு சாருக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது.

"மாமா, சும்மா இருக்கிற மணல்னு ஒண்ணு இந்த ஊர்லயே கிடையாது. வாங்க, காட்டுறேன்."

எல்லோரும் சமையலறையில் கூடினார்கள். ஒவ்வொரு மணலாகப் பொங்கியது. மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என் வீட்டு மணல்" என்று சகலை வேனிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தார். "அக்வேரியத்துக்குன்னே தனியா வாங்கினது. அலசி, காய வச்சு, தயாரா வச்சிருக்கேன். இதை விட்டுப் பாருங்க."

அது எல்லாவற்றையும்விட அதிகமாகப் பொங்கியது. சகலையின் முகம் தொங்கிப் போயிற்று.

தள்ளு சார் ஸ்பூனைக் கழுவினார், உதறினார், டப்பாவில் போட்டு மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் கூடத்துக்கு அழைத்து வந்தார்.

மாமனார் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷமா நானே கண்ணை மூடிக்கிட்டுத்தான் மணல் போட்டிருக்கேன் போல. ஒருத்தர் விடாம எல்லார் மணலையும் சோதிச்சுப் பாத்தீங்களே, இந்தப் பொறுமை எனக்கு வராது. மணலே வேண்டாம், செடியைக் கல்லுல கட்டிக்கலாம். தொட்டி இங்கேயே இருக்கட்டும்."

மனைவி சின்னப் பிள்ளைபோல் கைதட்டிவிட்டாள். அந்த வாரத்தில் முதல்முறையாகக் கணவரைப் பார்த்துச் சிரித்தாள். சகலை கயிற்றைச் சுற்றிப் பைக்குள் வைத்தார். தள்ளு சார் தொட்டியின்மேல் கையை ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

எல்லோருக்கும் காப்பி போடச் சமையலறையிலேயே தங்கிவிட்ட மாமியாரின் குரல் அப்போதுதான் கேட்டது:

"ஏண்டி, சும்மா மூலையில இருந்த என் சமையல் சோடா டப்பாவுல, யாருடி ஈர ஸ்பூனைப் போட்டுப் போட்டு எடுக்கிறது?"