மிரெல்லாவுக்கு வந்த பூங்கொத்து

வெள்ளைச் செவ்வந்திக் கொத்தைக் கண்டதும் மிரெல்லா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மெல்போர்ன் இத்தாலியர் சங்கத்து வாசலில் அதை நீட்டிக்கொண்டு நின்றவள் முப்பதை நெருங்கும் ஒரு பெண். வெள்ளை மேலங்கி போட்டிருந்தாள். பூக்கடைக்காரி என்று மிரெல்லா முடிவு கட்டிவிட்டாள். நம் பக்கத்தில் சாமிக்குச் சாத்துகிற பூதான். ஆனால் மிரெல்லா பிறந்த பெஸ்காராவில் அது கல்லறைக்கு மட்டுமே போகும். உயிரோடு இருப்பவர் கையில் கொடுத்தால், சீக்கிரம் போய்ச் சேர் என்று பொருள்.

"யாரு குடுத்தனுப்பினாங்களோ அவங்ககிட்டயே போய்ச் சொல்லு, நான் இன்னும் சாகலைன்னு" என்று இத்தாலிய மொழியில் பொரிந்து தள்ளினாள். ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் கொம்பு மாதிரி நீட்டித் திருஷ்டியும் கழித்தாள்.

அந்தப் பெண்ணுக்குப் பாஷை புரிந்ததாகத் தெரியவில்லை. விரல் புரிந்திருக்க வேண்டும். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. கொத்தைப் படியில் வைத்துவிட்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

போயும் போயும் இன்றைக்கா இந்தச் சகுனம்? சிங்கப்பூர் ஹோட்டல், தோக்கியோ கிளப், சொகுசுக் கப்பல் என்று ஆயுசில் பாதியை ஜாஸ் பாடியே கழித்தவள். எங்கே போனாலும் இத்தாலியக்காரி என்று தெரிந்ததும் அதே பழைய நேப்பிள்ஸ் காதல் பாட்டைத்தான் கேட்பார்கள். அவளே எழுதி மெட்டமைத்த பாட்டுகளைக் கேட்டவர்கள், கடைசியில் மேசை துடைக்கிற சர்வர்கள் மட்டும்தான். இன்றுதான் முதல்முறையாக முழுக்க முழுக்க அவள் பாட்டு. டிக்கெட் என்னவோ விரல் விட்டு எண்ணுகிற மாதிரிதான் போயிருந்தது.

அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. முன்வரிசையில் நடு நாற்காலியில் தன் சால்வையைப் போட்டு வைத்திருந்தாள். அந்த ஒரு நாற்காலி நிறைந்தால் போதும். அது மகள் நாடியாவுக்கு. இந்த ஊருக்குக் குடிவந்த கையோடு அஞ்சு வயதுக் குழந்தையைக் கணவனிடம் விட்டு, "ஒரு வருஷத்துல வந்துடறேன்" என்று கப்பலேறியவள், இருபது வருஷத்துக்கு மேல் கழித்துப் போன கோடையில்தான் திரும்பியிருந்தாள்; மகளை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. முன்னாள் கணவனுக்குப் போன் செய்து நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னாள். "சொல்லிப் பார்க்கறேன்" என்று அவன் போனை வைத்துவிட்டான். வருவாளா, மாட்டாளா? காலையிலிருந்து மிரெல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளோடு கப்பலிலிருந்து வந்த சவேரியோ, பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம் வாசிப்பவன், படியில் கிடந்த கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வரப் பார்த்தான். வாசலைத் தாண்டாதே என்று மிரெல்லா அலறினாள். குப்பையில் போடலாமென்றால் இறந்தவர்களுக்கான பூ, அது பாவம். கடைசியில் வெளிச்சுவரில் இருந்த ஆணியில் கட்டித் தொங்கவிட்டான்.

ஆணிக்கு நேர் மேலே நிகழ்ச்சியின் சுவரொட்டி இருந்தது. கறுப்பு வெள்ளையில் மிரெல்லாவின் படம், கீழே பெயர், இன்றைய தேதி. தங்கள் ஊரில் யாராவது செத்தால் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸும் அச்சாக இப்படித்தான் இருக்கும் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அந்த வழியாக வந்தவர்களுக்கு உறைத்தது. முதலில் கார்மெலா அத்தை, சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற வழக்கப்படி ஒரு பெரிய தட்டு லசான்யாவோடு அழுதுகொண்டே வந்தாள். சத்தம் கேட்டு மிரெல்லா வெளியே வந்தாள்.

"அத்தை, நான் இங்கதான் இருக்கேன்."

அத்தை அப்படியே சாய்ந்தாள். சவேரியோவால் ஒன்றைத்தான் பிடிக்க முடிந்தது. தட்டைப் பிடித்தான்.

இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று அவனே ஒரு தடித்த பேனாவை எடுத்துப்போய், சுவரொட்டியின் அடியில் பெரிதாக எழுதினான்: 'மிரெல்லா நம்மோடுதான் இருக்கிறாள்.' அதைப் படித்த பிறகு, சந்தேகத்தோடு இருந்தவர்களும் வீட்டுக்குப் போய்த் துக்கத்துக்கான கறுப்பு உடை மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

மாலையில் அரங்கம் பிதுங்கியது. மிரெல்லா மேடையேறியதும் ஒரே மூச்சில் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. அழுவதற்கென்று கிளம்பி வந்தவர்கள், அழாமல் வீட்டுக்குப் போக மனசு வருமா? நேப்பிள்ஸ் பாட்டை ஒருவரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் யார் நேயர் விருப்பம் கேட்பார்கள்?

கடைசிப் பாட்டு, வாசலில் விட்டுவந்த குழந்தையைப் பற்றியது. சால்வை கிடந்த நாற்காலியைப் பார்த்தபடியே பாடினாள். அரங்கம் மொத்தமும் மூக்கைச் சிந்தியது. இப்படி ஒரு கூட்டம், இப்படி ஒரு கவனிப்பு அவளுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது.

லசான்யாவைக் காலி செய்துவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். "உன் சாவுக்கு வந்ததுல எனக்கு ரொம்பத் திருப்திம்மா" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள் கார்மெலா அத்தை.

மிரெல்லா சால்வையை மடித்துக்கொண்டு சங்கத்து மதுக்கூட மேசையோரம் வந்து உட்கார்ந்தாள். சவேரியோ அவள் முகத்தைப் பார்க்காமல் வாத்தியத்தை உறைக்குள் வைத்தான்.

"வரலைடா. நான் கிளம்பினன்னிக்கு அவ வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. இன்னிக்கு நான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவ்வளவுதான்."

"அடுத்த தடவை வருவா, அக்கா."

மிரெல்லா மடித்த சால்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

மதுக்கூடத்தில் மாலை வேலைக்கு வந்திருந்த மொரீன், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், கிளாஸ்களைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். மேசைக்கு அடியிலிருந்து தன் பையை எடுத்தாள். கூடவே ஒரு கொத்து வெள்ளைச் செவ்வந்தியையும் எடுத்தாள்.

மிரெல்லா பதறிப்போய் விரல்களை நீட்டினாள்.

"ஐயோ மொரீன், உங்க வீட்டுல யாரு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல கண்ணு, என் பையன் குடுத்தது. இன்னிக்கு அன்னையர் தினமாச்சே, இந்த ஊர்ல பிள்ளைங்க அம்மாவுக்கு வெள்ளைச் செவ்வந்திதானே கொண்டுவந்து குடுக்கும்."