ஃபிரேம் அங்கிள் வாங்காத படம்

நியூ ஜெர்சியில் முழு யோக்கியர் என்று ஒருவர்தான் இருந்தார். அவரும் மகளோடு இருக்க டெக்ஸாஸ் போய்விட்டார். எங்கள் ஊரான வெஸ்ட் வின்ட்சரில் அவரை ஃபிரேம் அங்கிள் என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை எந்த வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேல் நடந்தாலும் அங்கிள் ஆஜர். வாங்குவது பழைய மர ஃபிரேம் மட்டும். உள்ளே இருக்கும் படத்தை அங்கேயே கழற்றி விற்றவர் கையில் கொடுத்துவிடுவார். தாத்தா படம் வேண்டாம் என்றுதான் அவர்கள் விற்கிறார்கள் என்று பலமுறை விளக்கியிருக்கிறேன்.

"அது அவங்க குடும்ப விஷயம் சார், நமக்கெதுக்கு?" என்பார்.

ஒருமுறை ரயில் நிலையத்துப் பக்கம் ஓர் அமெரிக்க மூதாட்டி படத்தைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். பழுப்பேறிய காகிதத்தில் மையால் வரைந்த தாயும் குழந்தையும். குப்பையில் போட மனம் வராத அங்கிள், இது யசோதையும் கிருஷ்ணனும்தான் என்று முடிவு செய்தார். மனைவி இறந்த பிறகும் அவர் கொலுவை விட்டதில்லை. கண்ணாடிமேல் குங்குமப் பொட்டோடு மூன்றாம் படியில் யசோதை அமர்ந்தாள்.

அந்த நவராத்திரிக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மாள் கல்லூரியில் ஓவிய வரலாறு கற்பித்தவர். படத்தைப் பார்த்ததும் சுண்டல் ஸ்பூன் பாதியில் நின்றது. இது யசோதை இல்லை, மேரி மாதா என்றார்.

"ஸோ வாட், ஷீ இஸ் ஆல்ஸோ மதர்," என்று அங்கிள் இன்னொரு கரண்டி சுண்டல் போட்டார்.

நல்லவேளை, பொட்டு கண்ணாடியோடு நின்றிருந்தது. படம் மிகப் பழையது என்று அந்த அம்மாள் சொல்லியனுப்ப, அருங்காட்சியகத்தார் எடுத்துப்போய்க் காகிதத்தையும் மையையும் சோதித்தார்கள். அங்கி மடிப்பின் கோடுகளை வேறு ஓவியங்களோடு ஒப்பிட்டார்கள். கடைசியில், ஆரம்பகால டச்சு ஓவியர் ஒருவரின் கைவண்ணமாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"இருக்கலாம்னா என்ன சார்?"

அரசாங்க ஆபீசில் ஆயுளைக் கழித்தவன் நான். "எல்லாருக்கும் தெரியும், யாரும் கையெழுத்து மட்டும் போட மாட்டாங்க."

விலை ஒரு வீட்டுக்குச் சமம் என்றார்கள். டெக்ஸாஸ் மகள் போனில், "அப்பா, ஜஸ்ட் கீப் இட்," என்றாள். நானும் ரூல்ஸ்படி படம் அவருடையதே என்றேன்.

"நான் வாங்கினது ஃபிரேம் சார். அந்தம்மா வேணாம்னு சொன்னப்போ இது என்னன்னு தெரிஞ்சா சொன்னாங்க? காரை எடுக்கறீங்களா, நான் நடக்கட்டுமா?"

எடுத்தேன். மூதாட்டி கதையை முழுவதும் கேட்டார். பிறகு படத்தை அருங்காட்சியகத்துக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். ஃபிரேமை அங்கிளிடம் நீட்டி, "யூ பெய்ட் ஃபார் திஸ்," என்றார்.

படத்தைக் காட்சிக்கு வைத்த அன்று பக்கத்தில் மூதாட்டியின் பெயர் இருந்தது. அங்கிள் பெயர் எங்கும் இல்லை. அவர் அதைத் தேடவும் இல்லை. புது ஃபிரேமை மூக்கு உரச ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"கார்னர் ஜாயின்ட் சுமார்தான் சார்."

ஊரைவிட்டுப் போகும்போது பழைய ஃபிரேமை என்னிடம் கொடுத்தார். இப்போது அது எங்கள் கொலுவில் மூன்றாம் படியில், வெறும் கண்ணாடியோடு இருக்கிறது. என் மனைவி அதற்கும் பொட்டு வைக்கிறாள். உள்ளே யார் என்று வருகிறவர்கள் கேட்டால், "எங்க அங்கிள்" என்கிறேன்.