அடைக்கு உட்கார்ந்த மலையாண்டி

மூன்று நாள் கோழி வளர்ப்புப் பயிற்சிக்கு ராமநாதபுரம் போன மலையாண்டி, ஒரு சான்றிதழோடும் ஒரு தீர்மானத்தோடும் ஊர் திரும்பினார். சான்றிதழைக் கண்ணாடி போட்டு நிலைப்படிக்கு மேலே மாட்டினார். தீர்மானத்தை மனைவி பூமயிலிடம் அறிவித்தார்.

"இனிமே இந்த வீட்டுல எந்தக் கோழியும் அடைகாக்கப்படாது."

பூமயில் முற்றத்தில் கோழிகளுக்குக் குருணை தூவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"பெறகு யாரு காக்குறது? நீங்களா?"

"விஞ்ஞானம்!"

"அது எந்த ஊருக் கோழி?"

நயினார்கோவிலுக்கு நாலு மைல் தள்ளிய ஊர் அது. வருஷம் தொண்ணூற்றொன்று. மலையாண்டிக்கு மூன்று ஏக்கர் மிளகாய்க் கொல்லை. வீட்டில் பதினாலு கோழி, இரண்டு சேவல். இருபது வருஷமாக அந்தக் கோழிகளுக்கும் அவருக்கும் இருந்த ஒரே உறவு சாப்பாட்டுத் தட்டில்தான். விடிந்ததும் கூட்டைத் திறப்பது, எச்சத்தை வாரிச் சாம்பல் போடுவது, எந்தக் கோழி எங்கே முட்டையை ஒளிக்கிறது என்று வைக்கோல் போருக்குள் துழாவுவது, தலையைத் தொங்கப்போட்ட கோழிக்குக் கீழாநெல்லியும் மஞ்சளும் பூண்டும் அரைத்து ஊட்டுவது, எல்லாம் பூமயில். ஆனாலும் பயிற்சிக்குக் 'குடும்பத் தலைவர்' வர வேண்டும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. குடும்பத் தலைவர் போனார். மூன்று நாளும் மதியம் முட்டைக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"யோசிச்சுப் பாரு புள்ள. ஒரு கோழி அடைக்கு உக்காந்தா இருபத்தோரு நாளு. பெறகு குஞ்சைக் கூட்டிக்கிட்டு ரெண்டு மாசம் ஊரைச் சுத்தும். அதுவரைக்கும் ஒத்த முட்டை கெடையாது. கோழிக்கு எதுக்கு இம்புட்டு லீவு? கவர்மெண்டு வாத்தியாருக்கே கெடையாதே!"

"நான் மூணு புள்ளை பெத்தேன். தடவைக்கு ஏழு நாளு லீவு குடுத்தீக. எட்டாம் நாளு மொளகாப்பழம் பறிக்கப் போனேன். கோழி என்னையவிடக் குடுத்துவச்சது."

மலையாண்டி பந்தயத்துக்குத் தாவினார்.

"ஒன் மஞ்சக்காலிக் கோழிக்குப் பதினோரு முட்டை. நான் பல்பு போட்டுச் செய்யப்போற பெட்டிக்குப் பதினோரு முட்டை. எதுல கூடப் பொரிக்குதோ, அவுகதான் இனிமே இந்த வீட்டுக் கோழிக்கெல்லாம் நிர்வாகி."

"நிர்வாகின்னா?"

"எல்லாம் அவுக பொறுப்பு. அடுத்தவுக தலையிடப்படாது."

"சரி."

இருபது வருஷத்தில் பூமயில் ஒரே சொல்லில் சம்மதித்தது அதுதான் முதல் தடவை. மலையாண்டி அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். அவரோ தேயிலைப் பெட்டி தேடிக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்.

பெட்டிக்குள் வைக்கோல், ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், தலைக்கு மேல் நாற்பது வாட் பல்பு. தன் முட்டைகளில் பென்சிலால் 'ம' என்று எழுதினார். பூமயில் தன்னுடையதில் கரித்துண்டால் ஒரு பொட்டு வைத்தாள். பக்கத்து வீட்டு இருளம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, பெட்டிக்குள்ள வெளக்கு?"

"முட்டை பொரிக்கப் போறேன்."

"எண்ணெய் ஊத்தலையே?"

"கோழி பொரிச்சாக் குஞ்சு வரும் இருளம்மா," என்றாள் பூமயில். "ஒங்கண்ணே பொரிச்சா என்ன வரும்னு பாப்பம். வெங்காயத்தை அரிஞ்சு வச்சுக்க."

மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது. பெட்டி ஆறிப்போகக் கூடாதே என்று மலையாண்டி கம்பளியைப் போர்த்தினார். போதவில்லை. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் கம்பளிக்குள் படுத்தார். பங்குனி வெயில். வேர்வை ஆறாக ஓடியது.

இருளம்மாள் மறுபடியும் எட்டிப் பார்த்தாள். "மதினி! அண்ணனுக்குக் காய்ச்சலா?"

"இல்ல. அடைக்கு உக்காந்திருக்காக. கிட்டக்கப் போகாத, கொத்திப்புடுவாக."

கரண்ட் போனால் தெர்மாமீட்டர் பாதாளத்துக்கு இறங்கியது. வந்தால் ஆகாசத்துக்கு ஏறியது. மஞ்சக்காலியோ ஒரு பழைய சட்டியில் உட்கார்ந்து அரைக்கண்ணால் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பகலில் ஒரு தடவை இறங்கும், இரை பொறுக்கும், தண்ணீர் குடிக்கும், எச்சமிடும், திரும்பப் போய் உட்காரும். முட்டையைப் புரட்ட அதற்கு யாரும் சான்றிதழ் கொடுத்திருக்கவில்லை.

பதினெட்டாம் நாள் இடியாக ஒரு தபால் வந்தது. பயிற்சி கொடுத்த அதிகாரி, குஞ்சு பொரிக்கும் நாளன்று நேரில் வந்து பார்ப்பதாக எழுதியிருந்தார். பயிற்சிக்கு வந்த அறுபது பேரில் பெட்டி செய்தவர் மலையாண்டி ஒருத்தர்தானாம்.

அன்று பூமயில் நயினார்கோவில் கோயிலுக்குப் பஸ் ஏறப் போனாள். மலையாண்டி கதவைச் சாத்தி, டார்ச் லைட்டின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தார். உள்ளே உயிர் இருந்தால் இருட்டாகத் தெரியும். அவருடைய பதினொன்றும் பளிங்கு மாதிரித் தெரிந்தன. ஒன்றைக் குலுக்கினார். களக் களக் என்றது. மஞ்சக்காலிக்கு அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். கருகருவென்று நிறைந்து, ஓரத்தில் ஏதோ அசைந்தது.

மலையாண்டி நல்ல மனுஷர்தான். ஆனால் அதிகாரி வருகிறாரே!

கோழியின் முட்டைகளை எடுத்து, எச்சில் தொட்டுக் கரிப்பொட்டை அழித்தார். பதினொன்றிலும் 'ம' எழுதிப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டி முட்டைகளின் 'ம'வை ரப்பரால் தேய்த்து, கரிப்பொட்டு வைத்துக் கோழிக்கு அடியில் தள்ளினார். மஞ்சக்காலி சும்மா விடவில்லை. புறங்கையில் நாலு கொத்து.

சாயங்காலம் பூமயில் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டாள்.

"என்ன காயம் இது?"

"கருவேல முள்ளு."

"முள்ளு வரிசையா நாலு எடத்துல ஒரே அளவாக் குத்தியிருக்கே. நல்ல முள்ளு."

இருபத்தோராம் நாள் பெட்டிக்குள் பத்துக் குஞ்சுகள் கத்தின. கோழிக்கு அடியில் ஒன்றுகூட இல்லை. அதிகாரி கைதட்டினார். பெட்டியோடு மலையாண்டியை நிற்கவைத்து ஒருத்தர் போட்டோ எடுத்தார். பூமயில் கூட்டத்துக்கு நடுவே வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க ஜெயிச்சிட்டீக."

சொல்லிவிட்டுக் கூடு கூட்டும் விளக்குமாற்றையும் குருணைப் பெட்டியையும் அவர் கையில் கொடுத்தாள். அப்புறம் வேப்பமரத்தடியில் போய் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தாள்.

நிர்வாகம் மறுநாள் விடியும்போதே ஆரம்பித்தது. கூட்டை அவர்தான் திறந்தார். எச்சத்தை அவர்தான் வாரினார். பெட்டியில் பிறந்த குஞ்சுகளுக்குத் தாய் கிடையாது. மேய்க்க ஆள் வேண்டும். மூன்றாம் நாளே மலையாண்டி தணிந்த குரலில் கேட்டார்.

"குஞ்சுகளை மஞ்சக்காலிகிட்ட விட்டுப் பாப்பமா?"

"அடுத்தவுக தலையிடப்படாதுன்னீகளே. மஞ்சக்காலியும் அடுத்தவுகதான?"

விட்டும் பார்த்தார். மஞ்சக்காலி ஒவ்வொன்றாகக் கொத்தித் துரத்தியது. குஞ்சுகளும் அதைக் கோழியாக மதிக்கவில்லை. கண் திறந்ததும் அவை முதலில் பார்த்தது மலையாண்டியின் மீசையை. ஆகவே அவர் நடந்தால் நடந்தன. நின்றால் நின்றன. உட்கார்ந்தால் வேட்டிக்குள் புகுந்தன. டீக்கடைக்குப் போனால் பின்னாலேயே பத்தும் வரிசை கட்டி வந்தன. பெஞ்சில் இருந்தவர்கள் மரியாதையாக எழுந்து இடம் விட்டார்கள், மிதித்துவிடக் கூடாதே என்று.

ஒருநாள் பருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மலையாண்டி மிளகாய்க் கொல்லை முழுக்கத் துண்டை வீசிக்கொண்டு ஓடினார். கிடைக்கவில்லை. அன்று அவர் சோறு தின்னவில்லை. பூமயில் தட்டை மூடி வைத்தாள்.

ஏழாம் நாள் தடுப்பு மருந்துக்காகக் குஞ்சுகளைக் கூடையில் போட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கண்ணில் ஒரு சொட்டு, மூக்கில் ஒரு சொட்டு. அடுத்த வாரம் பெரிய கோழிகளையும் நாலு நடையாகச் சுமந்துபோய் ஊசி போட்டுவந்தார். வைகாசியில் வெள்ளைக் கழிச்சல் நோய் பரவித் தெருக் கோழிகளெல்லாம் செத்தபோது, அவர் வீட்டில் ஒரு இறகு உதிரவில்லை. அது மட்டும் மெய்யான சாதனை. அதற்கு யாரும் போட்டோ எடுக்கவில்லை.

அந்த வாரமே இருளம்மாள் ஒரு கூடையோடு வந்தாள்.

"அண்ணே, பன்னெண்டு முட்டை, சீக்குக்கு முந்தி சேத்து வச்சது. சீக்குல எங்க கோழியில ஒண்ணுதான் தப்பிச்சது. அதையும் நேத்து வித்துட்டேன்."

"அடைக்கோழியையா? ஏன்?"

"ஒங்க பெட்டி இருக்கையில கோழி எதுக்குண்ணே?"

கூடவே தபால்காரர் இன்னொரு கடிதம் கொடுத்தார். மலையாண்டியின் பெட்டியைப் பார்க்க மூன்று ஊர்களிலிருந்து நாற்பது பேரை அனுப்புகிறாராம் அதிகாரி.

இருளம்மாளின் தலை வேலிக்கு அந்தப்பக்கம் மறைந்ததும் மலையாண்டி மனைவி முன்னால் போய் நின்றார்.

"பூமயிலு, ஒண்ணு சொல்லணும். அது... அந்தக் குஞ்சுக பெட்டியில பொரிச்சதுதான். ஆனா முட்டை ஒன் கோழியோடது. நான் மாத்தி வச்சிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னைக்குப் பஸ்ஸை விட்டுட்டுத் திரும்பி வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. சன்னல் வழியாப் பாத்தேன். ஒங்க நாக்கெல்லாம் கரியா இருந்துச்சு."

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். ஜெயிச்சா எனக்கு என்ன கெடைக்கும்? இருவது வருசமாப் பாத்த அதே வெளக்குமாறு."

மலையாண்டி குனிந்து பார்த்தார். குஞ்சுகள் ஒன்பதும் அவர் காலைச் சுற்றிக் கத்தின.

"சரி புள்ள. நான் தோத்துட்டேன். இருளம்மா முட்டையை மஞ்சக்காலிகிட்ட வச்சிரு. நாப்பது பேரு வந்தா நானே உண்மையைச் சொல்லிர்றேன். கோழியை மட்டும் நீயே திரும்பப் பாத்துக்க."

"முட்டையை வச்சுவிடுறேன், மஞ்சக்காலியும் நேத்துலருந்து அடைக்கு ஏங்குது. மத்ததெல்லாம் ஆகாதுங்க," என்ற பூமயில், அவர் வேட்டிக்குள் நுழைந்துகொண்டிருந்த கடைசிக் குஞ்சைப் பார்த்தாள். "தாயையும் புள்ளைகளையும் பிரிச்ச பாவம் எனக்கு வேணாம்."