பூச்சியத்தைச் சேமித்த கதை

மன்னாரில் வங்காலைக்குத் தெற்கே, கடலுக்கும் இராணுவக் காவலரணுக்கும் நடுவில் ஒரு சுகாதார நிலையம் இருந்தது. அது அரசாங்கக் கட்டடம் என்பதற்கு வாசல் பெயர்ப்பலகை சாட்சி. வேறு சாட்சி கிடையாது. யுத்தம் அறுத்துப்போட்ட மின்கம்பி பதினைந்து வருஷமாக அறுந்தே கிடந்தது. போர்நிறுத்தம் தாளில் மட்டும் மிச்சமிருந்த 2005ஆம் ஆண்டிலும் அதைத் தூக்கிக்கட்ட ஆளில்லை.

அங்கே குடும்பநல உத்தியோகத்தராக இருந்த செலீனாவை ஊர் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடும். மிஸ்ஸிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மருந்தைக் குளிரில் வைக்க, ஓடுகிற ஒரு பிறிஜ். புதன்கிழமைகளில் குழந்தைகளின் தடுப்பூசி மருந்து மன்னாரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். சோதனைச்சாவடியில் அதைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து பார்க்க இரண்டு மணித்தியாலம். ஊருக்கு வரும்போது ஐஸ் பாதி உருகியிருக்கும்; தாய்மார் வந்து சேருமுன் முழுக்கத் தண்ணீராகிவிடும். மருந்து குப்பைக்குப் போகும். பிள்ளைகள் ஊசியில்லாமல் வீட்டுக்குப் போவார்கள். பிள்ளைகளுக்கு இதில் வருத்தமில்லை. மிஸ்ஸிக்கு இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பில் பசுமைக் கட்டடம் நாகரிகமாயிற்று. மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் பசுமைக் கட்டடங்களுக்குச் சூரியத் தகடு இலவசம் என்று சுற்றறிக்கை வந்தது. செலீனா விண்ணப்பித்தாள். பசுமைக் கட்டட ஊக்குவிப்பு விசேட உத்தியோகத்தர் வின்சன்ட், பச்சைக் கழுத்துப்பட்டியோடு நேரில் எழுந்தருளினார்.

"கூரையிலிருந்து நல்ல இயற்கை வெளிச்சம் வருது மிஸ்ஸி."

"அது ஷெல் விழுந்த ஓட்டை சேர்."

"நல்ல இடம் பாத்து விழுந்திருக்கு," என்று குறித்துக்கொண்டார். "மாசம் எத்தினை யூனிற் பாவிக்கிறியள்?"

"கரண்டே இல்லை."

பேனை நின்றுவிட்டது. "அப்ப பிழைச்சுப்போச்சே! முப்பது வீதம் குறைச்சுக் காட்டினால்தான் தகடு. பூச்சியத்தில முப்பது வீதம் எவ்வளவு?"

"பூச்சியம்."

"பாத்தீங்களே! சேமிக்கிறதுக்கு உங்களிட்ட ஒண்டுமில்லை."

"அப்ப நான் என்ன செய்ய?"

"முதலில வீணாக்குங்கோ. மூண்டு மாசம் நல்லா வீணாக்கினால் அது அடிப்படைப் பாவனை. பிறகு குறைப்பம்."

பிரசவத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு டீசல் கேட்டு செலீனா எழுதிய கடிதம் நாலு மாதமாக ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் பரிசீலனையில் இருந்தது. வீணாக்குவதற்கென்று டீசல் கேட்டு வின்சன்ட் எழுதிய கடிதத்துக்கு இரண்டே நாளில் மூன்று முத்திரை விழுந்தது.

விசேஷ வீடுகளுக்கு லைற்றும் ஜெனரேற்றரும் வாடகைக்குக் கொடுக்கும் சனூன் நானா வந்து இறங்கினார். "மிஸ்ஸி, பெருநாளுக்கும் குடுத்திருக்கன், திருநாளுக்கும் குடுத்திருக்கன். சும்மா எரிக்கிறதுக்கு இதுதான் முதல் ஓடர்!"

பட்டப்பகலில் கலர் பல்ப் எரிந்தது. ஆளில்லாத அறையில் ஆறு ஃபான் சுற்றியது. நிலையத்தில் மிஸ்ஸிக்கு உதவியாக இருந்த அந்தோனியம்மா, ஏற்கெனவே அயன் பண்ணிய உடுப்பைக் கசக்கிக்கொண்டு வந்து மறுபடியும் அயன் பண்ணினாள். எல்லாவற்றுக்கும் மேலாக, யூனிற் தின்பதில் இதைவிடத் திறமானது இல்லையென்று வின்சன்ட் ஒரு பிறிஜையும் கந்தோர்ச் செலவில் அனுப்பிவைத்தார்.

ஐஸ் பெட்டி வந்த கையோடு மருந்து பிறிஜுக்குள் போனது; மூன்று மாதம் ஒரு மருந்துக்குப்பிகூடப் பழுதாகவில்லை. ஊர்ப் பிள்ளைகள் முறைவைத்து வீரிட்டு அழுதார்கள். செலீனாவின் காதுக்கு அது பூசைப் பாட்டாக இருந்தது.

நாலாம் மாதம் வின்சன்ட் வந்தார். "இனிக் குறைப்பம். ஆகக்கூட யூனிற் தின்னுறது எது?"

"பிறிஜ்."

"அப்ப முதலில அதைத் தூக்குங்கோ."

"சேர், அதுக்காகத்தானே தகடே கேட்டனான்!"

"மிஸ்ஸி, தேவையையும் திட்டத்தையும் போட்டுக் குழப்பக்கூடாது."

பிறிஜ் போயிற்று. ஃபான், பல்ப், கடைசியில் ஜெனரேற்றரும் போயிற்று. பாவனை பூச்சியம், சேமிப்பு நூறு வீதம். முப்பது கேட்ட இடத்தில் நூறு! கொழும்பு அதிர்ந்துபோய் முதற்பரிசு அறிவித்தது. பசுமைச் சான்றிதழும் தகடும் வந்தன.

"இதில பிறிஜைத் திரும்பக் கொழுவி ஓட்டலாம்தானே?" என்று செலீனா விடாமல் கேட்டாள்.

"கொழுவினால் பாவனை கூடும். சான்றிதழ் பறிபோகும். சான்றிதழ் போனால் தகட்டையும் கழற்ற வேணும். சுற்றறிக்கைப்படி சான்றிதழுக்கு வெளிச்சம் காட்ட மட்டும் ஒரு பல்ப் போடலாம்."

போட்டார்கள். ஷெல் ஓட்டையால் வந்த மத்தியான வெயிலில், அந்தப் பல்ப் சான்றிதழை விடாமல் காட்டிக்கொண்டிருந்தது.

பரிசளிப்பு ஒரு புதன்கிழமை. தாய்மார் ஊசிக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மன்னாரிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது. 'பசுமை விழா – அவசரம்' என்று ஒட்டியிருந்ததால் சோதனைச்சாவடியில் அதை ஒருவரும் திறக்கவில்லை. செலீனா ஓடிப்போய் மூடியைத் தூக்கிக் கையை விட்டாள். ஐஸ் கல்லுமாதிரி இருந்தது! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐஸை விலக்கினாள்.

உள்ளே சோடாப் போத்தல்கள்.

"எங்கட கந்தோர்ப் பிறிஜில வைச்சது," என்றார் வின்சன்ட் பெருமையாக. "உங்களிட்ட இருந்ததுதான். வாற வருஷம் நாங்களும் விண்ணப்பிக்கிறம். அடிப்படைப் பாவனை வேணுமெல்லோ?"

"அப்ப மருந்து?"

"பெட்டி ஒண்டுதானே மிஸ்ஸி இருக்கு. வாற கிழமை பாப்பம்."

செலீனா வாயைத் திறந்தாள். பேச நிறைய இருந்தது. அதற்குள் அந்தோனியம்மா அவள் கையில் ஒரு போத்தலைத் திணித்துவிட்டாள். "குடியுங்கோ மிஸ்ஸி, என்ன குளிர்! இந்த ஊருக்கு இப்பிடியொரு சோடா வந்ததேயில்லை!"

வெயில் அப்படி. செலீனா அடிவரைக்கும் குடித்தாள். வின்சன்ட் சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றி உயர்த்திக் காட்டியபோது ஊரே கைதட்டியது. காலிப் போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளும் தட்டினாள்.

தட்டாமல் இருந்தவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். இன்றைக்கும் ஊசி இல்லையென்று தெரிந்தோ என்னவோ, அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.