பன்னிரண்டு சோடிச் சப்பாத்தும் ஒரு சுங்க நிபுணனும்

அரைகுறையாகப் படித்தவன் ஆபத்தானவன் என்று சொல்வார்கள். அது தவறு. அவன்பாட்டுக்கு இருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. அவன் படித்ததை மற்றவர்கள் நம்பத் தொடங்கும்போதுதான் கெடுதல். எண்பத்துநாலாம் ஆண்டில் புளியங்கூடலில் ஒரு உதைபந்தாட்டக் குழு என்னை நம்பியது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் ஒரு சுங்க நிபுணன். (அப்பிடி என்னைச் சொன்னது நான் மட்டும்தான்.) கொழும்பில் ஏற்றுமதி இறக்குமதி பற்றிய மூன்று மாத வகுப்பில் சேர்ந்து, ஐந்தாவது கிழமையில் எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரம் வந்து, கப்பலேறி ஊர் திரும்பியிருந்தேன். அந்தக் கப்பலில் சிலர் குழந்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்கள். சிலர் உடுத்த துணியோடு வந்தார்கள். நான் சுங்கத் தீர்வைப் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன்.

உலகத்தில் விற்கப்படும் சகல பொருளுக்கும் அதில் ஒரு இலக்கம் இருந்தது. உயிருள்ள குதிரை முதலாம் அத்தியாயம். சப்பாத்து அறுபத்துநாலு. குடை அறுபத்தாறு. மழைக்கு வாசிகசாலையில் ஒதுங்கிய யாராவது குடையை மடக்கினால், நான் "அறுபத்தாறு" என்பேன். அவர் மழையிலேயே நடக்கத் தொடங்கிவிடுவார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படியிருக்கையில் ஜெர்மனியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் யோகன் அண்ணை. எங்கள் குழுவின் பழைய கோல்காப்பாளர். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். முதல் முதலாகக் கையில் மிஞ்சிய சம்பளத்தில், தான் விளையாடிய குழுவுக்கு முள்ளு வைத்த சப்பாத்துகள் வாங்கி அனுப்பியிருந்தார், பன்னிரண்டு சோடி. அதுவரை எங்கள் பொடியள் வெறுங்காலோடுதான் விளையாடினார்கள். சனிக்கிழமை அனலைதீவுக் குழுவோடு இறுதியாட்டம். பார்சல் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்திலிருந்த சின்னச் சுங்கக் கந்தோரில் கிடந்தது.

குழுத் தலைவர் குகன் அண்ணை வரிக்கென்று சேர்த்த காசை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, கட்டிப்போட்டு எடுத்துக்கொண்டு வாரும்."

"காசோ? உதை நீங்களே வைச்சிருங்கோ அண்ணை. ஒரு சதமும் கட்டாமல் எடுத்துக்கொண்டு வாறன்."

"வில்லங்கம் ஒண்டும் வராதே?"

"அண்ணை, நான் படிச்சனான்."

அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் தீவுப்பகுதியில் மறுசொல் கிடையாது. அவர் காசை மடியில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனேன். (ஓம், ஊர்காவற்றுறைக்குக் கழுத்துப்பட்டி. சைக்கிளிலை.) அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க, அமைதியான மனிதர். பெட்டியைத் திறந்து ஒரு சப்பாத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதின்ரை மேற்பாகம் என்ன தம்பி? தோலோ, பிளாஸ்டிக்கோ?"

கேள்வி நியாயமானது. தோலென்றால் ஒரு இலக்கம், ஒரு வரி. றப்பரோ பிளாஸ்டிக்கோ என்றால் வேறு இலக்கம், வேறு வரி. நான் சப்பாத்தை இரண்டு கையாலும் தூக்கி, வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் கண்ணை மூடி, மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன்.

"தோல் சேர். நல்ல மாட்டுத் தோல்."

அவர் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிக் காட்டினார். கறுப்புக்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்டிக் பல்லிளித்தது.

"மாடு இல்லைப் போலை" என்றார். பிறகு, "இது விளையாட்டுக் கழகத்துக்குத்தானே? தலைவரிட்டை ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாரும். குறைஞ்ச வரியிலை விடப் பாக்கிறன்" என்றார்.

அந்த மனிதர் நல்ல மனதோடு எனக்கு ஒரு வாசலைத் திறந்து விட்டார். புளியங்கூடலுக்கு சைக்கிளில் போய் ஒரு கடிதம் வாங்கி வர ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் எனக்குப் பின்னால் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் ஏதோ அலுவலாக வந்து நின்றார். படித்தவன் கடிதத்துக்கு ஓடுவதை அவர் பார்க்கலாமா?

"கடிதம் தேவையில்லை சேர். இதுகள் வியாபாரச் சாமான் இல்லை, காட்டுறதுக்கு வந்த சாமான். மாதிரி. மாதிரிக்கு வரி இல்லை."

"பன்னிரண்டு சோடியும் மாதிரியோ?"

"பன்னிரண்டும் சேர்."

"எல்லாம் ஒரே மாதிரியெல்லே இருக்கு?"

"அளவு வேறை சேர்."

அவர் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "சரி. ஆனால் மாதிரியெண்டால் பிரயோசனப்படாமல் ஆக்கிப்போட்டுத்தான் குடுக்கலாம். சம்மதமெண்டு எழுதித் தாறீரோ?"

'பிரயோசனப்படாமல் ஆக்குதல்' என்றால் ஏதோ முத்திரை குத்துவது என்று நினைத்தேன். மாதிரிக்கு வரி இல்லை என்பது ஐந்தாவது கிழமைப் பாடம். 'ஆனால்' என்று தொடங்கும் மிச்சப் பாடம் ஆறாவது கிழமைக்கு இருந்திருக்க வேண்டும். நான் ஆங்கிலத்தில், வளைத்து வளைத்துக் கையெழுத்து வைத்தேன்.

பியோன் ஒரு வட்ட உளியும் சுத்தியலும் கொண்டு வந்தார்.

முதல் சப்பாத்தைக் கவிழ்த்து, பெருவிரல் ஊன்றும் இடத்தில் உளியை வைத்து ஒரே அடி. பழைய ஒரு ரூபாய்க் குற்றியளவு வட்டம் கழன்று நிலத்தில் விழுந்தது.

அதிகாரி பியோனின் கையைப் பிடித்தார். "தம்பி, ஒண்டுதான் போயிருக்கு. இப்பவும் மாத்தலாம். யோசியும்."

இந்த இடத்தில் எந்த மனிதப் பிறவியும் "ஐயோ, நிப்பாட்டுங்கோ" என்று சொல்லியிருக்கும். நான் திரும்பிச் சங்கக்கடை மனேச்சரைப் பார்த்தேன். அவர் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்கோ சேர்" என்றேன். "சட்டமெண்டால் சட்டம்தான்."

இன்னும் இருபத்துமூன்று அடிகள். ஒவ்வொன்றையும் எண்ணினேன். வேறு என்ன செய்வது?

ஊரில் குகன் அண்ணை பெட்டியைத் திறந்து, ஒரு சப்பாத்தைத் தூக்கி, ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"இதென்ன, காத்தோட்டத்துக்கோ?"

நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, "காசு மிச்சம்" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று பின்னேரமே சைக்கிள் திருத்துபவரைப் பிடித்து, இருபத்துநாலு ஓட்டைக்கும் பழைய ரியூப்பில் வட்டம் வெட்டி ஒட்டினோம். அடுத்த நாள் வள்ளமேறி அனலைதீவுக்குப் போனோம். ஆட்டத்துக்கு முன் எல்லோரும் சப்பாத்துப் போட்டு, யோகன் அண்ணைக்கு அனுப்பவென்று படமும் எடுத்தார்கள்.

அனலைதீவு மைதானம் என்பது புல் முளைக்க மறந்துபோன மணல். முதல் பத்து நிமிடத்தில் ஒட்டுகள் கழன்றன. பிறகு ஓட்டைக்குள்ளால் மணல் ஏறத் தொடங்கியது. கால்மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் ஒரு மண்மூட்டை. எங்கள் பொடியள் முழு வயிற்றுப் பசுக்கள்போல அசைந்து அசைந்து ஓடினார்கள். பந்து தங்களைத் தாண்டிப் போகும்போது, எங்கள் பின்காவலர்கள் இருவர் நிலத்தில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றி மணல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அனலைதீவுச் சனம் கைதட்டவும் மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வெறுங்காலோடு விளையாடிய உயரமான ஒருவர் தனியாக மூன்று கோல் போட்டார்.

இடைவேளையில் குகன் அண்ணை சப்பாத்துகளைக் கழற்றச் சொன்னார். கழற்றிவிட்டு எங்களவர்கள் இரண்டு கோல் போட்டார்கள். மூன்றுக்கு இரண்டு. ஆட்டத்துக்கும் நான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். வள்ளத்தில் திரும்பும்போது அதை யாரோ கழற்றிக் கடலில் எறிந்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து யோகன் அண்ணையிடமிருந்து கடிதம் வந்தது. படத்தைத் தன் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். பார்க்கப் பார்க்கச் சந்தோசமாம். 'ஒரு சந்தேகம்' என்று எழுதியிருந்தார். 'முன்வரிசையில் கால் நீட்டி இருக்கிற ஆக்களின் சப்பாத்துக்கு அடியில் வட்ட வட்டமாகத் தெரிகிறதே, அது என்ன? கடையில் வாங்கும்போது இருக்கவில்லையே?' பதில் எழுதும் பொறுப்பைக் குழு ஏகமனதாக என்னிடம் தந்தது. ஆறு தடவை கிழித்து, ஏழாவது தடவை உண்மையை எழுதினேன். அவர் மறுபடி அனுப்பிய பார்சலில் பன்னிரண்டு சோடி இருந்தது. அதை எடுக்கக் குகன் அண்ணையே போனார்.

நாலு வருசம் கழித்து எனக்கு அனலைதீவில் பெண் பேசினார்கள். பெண், அன்று மைதான ஓரத்தில் நின்று சிரித்தவர்களில் ஒருத்தி. மூன்று கோல் போட்டவர் அவளுடைய தமையன். "சப்பாத்துக்கு ஓட்டை போட்டவரோ? சரி, செய்யிறன். வீட்டிலை சிரிப்புக்குக் குறைவிராது" என்றாளாம்.

என் மைத்துனர் இப்போது கனடாவில். ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்கு ஒரு சோடிச் சப்பாத்து அனுப்புவார். சுங்கப் படிவத்தில், பொருளின் விபரம் எழுதும் இடத்தில், பெரிய எழுத்தில் 'சப்பாத்து. மாதிரி அல்ல. அடிக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கும். அவர்கள் கேட்கிற வரியை நான் வாய் திறக்காமல் கட்டிவிடுவேன். ஆனாலும் சுங்கக் கந்தோர் யன்னலுக்கு அந்தப்பக்கம் இருப்பவர் அதை வாசித்துவிட்டு, "இதென்ன ஐயா, இப்பிடி எழுதியிருக்கு?" என்று கேட்காமல் விடமாட்டார். அங்கே வருசத்துக்கு ஒருவர் மாற்றலாகி வருகிறார். ஒவ்வொருவருக்கும் நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.