ஆறு மில்லிமீட்டர்

“யாருக்குப் பல்லு ஆடுது? இன்னாம்மா பேசுற நீ?”

பூபாலன் போனில் போட்ட சத்தத்தில் அவனுடைய லோடு ஆட்டோவே அதிர்ந்தது. அச்சரப்பாக்கத்தில் நடந்த இலவசப் பல் முகாமுக்கு மனைவி லோகநாயகியோடு போய் வந்து நான்கு நாளாகிறது. இன்று கைபேசியில் செய்தி: ‘டோக்கன் 47. ஜிஞ்சிவைட்டிஸ் முற்றி பெரியோடான்டைட்டிஸ். பாக்கெட் ஆறு மில்லிமீட்டர். உடனே செங்கல்பட்டு கிளினிக்குக்கு வரவும்.’

கேஸ் சிலிண்டரானாலும் முகாமானாலும் அந்த வீட்டில் எழுதிக் கொடுப்பது அவன் போன் நம்பர் ஒன்றைத்தான்.

மறுமுனையில் நர்ஸ் ஜெனிட்டா பொறுமையாகச் சொன்னாள். “ஜிஞ்சிவைட்டிஸ்னா ஈறு வீங்கி ரத்தம் வர்றதுண்ணே. அப்பவே பாத்தா சரியாயிடும். விட்டுட்டா பல்லைப் புடிச்சுக்கினு இருக்கிற எலும்பு கரையும். அதான் பெரியோடான்டைட்டிஸ். பாக்கெட்னா ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விழுற பள்ளம். மூணு மில்லிமீட்டர் வரைக்கும் பரவால்ல, ஆறு ஜாஸ்தி. இப்பவே வந்தா பல்லைக் காப்பாத்திடலாம்.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா?” போனை வைத்தான்.

“இன்னாங்க, அது வந்து...” என்றாள் லோகநாயகி.

“நீ சும்மா இரு.”

ஆட்டோ டயர் கழுவுகிற வேகத்தில் பல் தேய்த்தான். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. பயந்துபோய்த் தேய்ப்பதையே நிறுத்தினான். இரண்டே நாளில் வாய் நாறியது. பல்லின் பலத்தைக் காட்ட ஒரு முழுக் கரும்பைக் கடித்தான். தாடை பிடித்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு பாத்திரம் உருண்டது.

மத்தியானம் தட்டில் குழைந்த சோறு.

“நான் இன்னா சீக்காளியா? கஞ்சி ஊத்துற?”

லோகநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தான். தட்டு பறந்தது.

அவள் குனிந்து பருக்கைகளைப் பொறுக்கினாள். தன் பங்கு முறுக்கை அவன் பக்கம் நகர்த்தினாள். “நீங்களே துன்னுங்க. எனக்கு வேணாம்.” பிறகு சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, அவன் கோபம் தணிய வேண்டும் என்று கும்பிட்டாள். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

“கெளம்புடி. அந்த நர்ஸை நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்.”

“அதில்லங்க, எனக்கு...”

“வண்டில ஏறு.”

செங்கல்பட்டு கிளினிக்கில் மேசையைத் தட்டி வாயைப் பிளந்தான். “இந்தா, பாரு. எந்தப் பல்லு ஆடுது? ஆட்டிக் காட்டு.”

ஜெனிட்டா பதிவேட்டைப் புரட்டினாள். எழுந்து அவனைத் தாண்டிப் போய், வாசலோரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற லோகநாயகிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருக்கா. நாப்பத்தேழு நீதான், இத்தினி நாளா இந்த வலியோடவா இவருக்கு ஆக்கிப் போட்டுக்கினு இருந்த?”