மாமனார் கொடுத்த ஜாவா

சனிக்கிழமைக்குள் ஒரு ரோடு கிங் மோட்டார் பைக் வாங்கியே தீருவது என்று சபதம் எடுத்தேன். சபதம் எடுத்த இடம் முள்ளக்காட்டு உப்பளத்து ரோடு. எதிர்க்காற்றில் என் ஜாவா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் காசிலிங்கம் தன் புது ரோடு கிங்கில் என்னை முந்தினான். முந்தியதோடு விட்டானா? "வரட்டா அண்ணாச்சி?" என்று ஒரு கையைத் தூக்கினான். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பின்னால் அவனுடைய மாமியார் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மாமியாரை ஏற்றிக்கொண்டே ஒருவன் நம்மை முந்திப் போகிறான் என்றால், அப்புறம் நமக்கு எதற்கு மீசை?

நான் ராஜதுரை. தூத்துக்குடி மார்க்கெட் பக்கம் கருப்பட்டிக் கடை. கடையில் நான் முதலாளி. வீட்டில் என்ன வேலை என்று இன்னும் முடிவாகவில்லை. என் வீட்டுக்காரி முத்துக்கனி உடன்குடிக்காரி. அவளைக் கட்டிக்கொடுத்தபோது என் மாமனார் ஆறுமுகநயினார் சீராகக் கொடுத்ததுதான் அந்த ஜாவா. சிவப்பு நிறம், டேங்க்கில் தங்கக் கோடு. ஊரே கூடி நின்று பார்த்தது. கல்யாணப் படத்தில் எங்கள் இரண்டு பேரையும்விட வண்டிதான் தெளிவாக விழுந்திருக்கிறது.

அதெல்லாம் அந்தக் காலம். இப்போது வருஷம் எழுபத்தொன்பது. ரோடு கிங் வந்துவிட்டது. அடடா, அது என்ன வண்டி! உயர்ந்த ஹேண்டில்பார். ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தால் கலெக்டர் மாதிரி இருக்கும். ரெட்டைச் சைலென்சர். சத்தமா அது? நாகஸ்வரக் கச்சேரி. கன்னியாகுமரிக்கு விட்டால் டீ குடிக்கக்கூட நிற்காது. ஊரில் டீலர் கையில் ஒரே ஒரு வண்டிதான் மிச்சம். சனிக்கிழமை நாகர்கோவிலில் இருந்து ஒருத்தர் வந்து எடுத்துவிடுவாராம். என் ஜாவாவைக் கொடுத்தால் மிச்சப் பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டீலர் தலையாட்டிவிட்டார். இனி ஆட வேண்டிய தலை ஒன்றே ஒன்று. அது அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தது.

"ஏளா முத்துக்கனி, ஊருக்கே புதுத் துறைமுகம் வந்திருக்கு. நமக்கு ஒரு புது வண்டி வரக் கூடாதா?"

"வரட்டுமே. புதுத் துறைமுகம் வந்ததும் பழைய துறைமுகத்தைத் தூத்துப் போட்டாங்களா? தோணி பூரா இன்னும் அங்கிட்டுத்தான போவுது?"

"துறைமுகம் வேற, வண்டி வேற."

"நீங்கதான துறைமுகத்தை இழுத்திய?"

"சரி, விடு. அந்த ஜாவாவுக்கு வயசாயிட்டுளா. சத்தம் போடுது. பொகை விடுது. காலைல எந்திரிக்க மாட்டங்குது."

"வீட்ல அப்படி இன்னொண்ணும் இருக்கு. அதை யார்கிட்டக் குடுத்து மாத்த?"

நான் உடம்பை நிமிர்த்திக்கொண்டேன். அவள் மீனை நிமிர்த்தி வைத்துச் செதில் உரசினாள்.

"இங்கேருங்க, அது எங்க அப்பா குடுத்த வண்டி. சும்மா வாயால சொன்னா விட்டிருவனா? ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்க. எது ஒசத்தின்னு உக்காந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது! இது அவளே கேட்ட பரீட்சை. கேள்வித்தாள் தயாரிப்பது மட்டும் நான்.

திட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை காலையில் அவளை ஜாவாவில் ஏற்றி உடன்குடிக்குக் கூட்டிப்போவது. காசிலிங்கம் ரோடு கிங்கில் கூட வருவான். திரும்பும்போது வண்டியை மாற்றிக்கொண்டு, அவளை ரோடு கிங்கில் உட்கார வைத்துப் பூப்போலக் கொண்டுவந்து இறக்குவது. காசிலிங்கம் கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. லீவு போட முதலில் முரண்டு பிடித்தான். மாமனார் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு என்றேன். "எங்க பெரியப்பா செத்துப்போனதா ஆபீசருக்கு எழுதிக் குடுத்துருதேன் அண்ணாச்சி" என்றான்.

வியாழக்கிழமை சாயங்காலமே ஜாவாவைப் பரீட்சைக்குத் தயார் செய்தேன். பின் டயரில் காற்றைக் கல் மாதிரி ஏற்றினேன். மட்கார்டு போல்ட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். இனி சின்னக் கல்லில் ஏறினாலும் இடுப்பெலும்பு எண்ணிக்கைக்கு வந்துவிடும். பம்பை மூலையில் வைத்துவிட்டுத் திரும்பினால் முத்துக்கனி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பண்ணுதிய?"

"நாளைக்கு நீ ஒக்காரப் போற வண்டில்லா? மராமத்துப் பாத்தேன்."

"பாருங்க, பாருங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

காலையில் புறப்பட்டோம். அவள் கையில் ஒரு ஜமுக்காளம். அதை நாலாக மடித்துப் பின் சீட்டில் போட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஒரு பக்கமாக ஜம்மென்று உட்கார்ந்தாள். எனக்கு ஜமுக்காளம் இல்லை.

முக்காணி தாண்டுவதற்குள் என் முதுகு என்னை விட்டுப் பிரிந்துவிட்டது. மட்கார்டு கிடுகிடு என்று கரகாட்டக் கொட்டு அடித்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் நான் சீட்டை விட்டு ஒரு முழம் எழும்பி, இறங்கும்போது "அம்மா" என்றேன்.

"பாத்தியா ஏளா, குலுக்கலை? இதுல மனுசன் போவானா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. ஆத்துக் காத்து சுகமா இருக்கு. நீங்க ஏன் தவ்விக்கிட்டே வாரிய?"

ஆத்தூர்ப் பாலத்தில் காசிலிங்கம் பக்கத்தில் வந்தான். ரோடு கிங் வெண்ணெயில் வழுக்குவது போல வந்தது. நான் சத்தமாகக் கேட்டேன்: "எப்படிலே இருக்கு வண்டி?"

"எங்கம்மா மடில ஒக்காந்த மாரி இருக்கு அண்ணாச்சி!" என்று சொல்லிக்கொடுத்த பாடத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்தான்.

உடன்குடியில் மாமனார் வாசலுக்கே வந்துவிட்டார். மகளை "வாளா" என்றார். என்னை "வாங்க மாப்ளே" என்றார். பிறகு நேராக ஜாவாவிடம் போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, செம்மண் படிந்த டேங்க்கைத் தங்கக் கோடு தெரியத் தெரியத் துடைத்தார். பக்கத்தில் புத்தம் புது ரோடு கிங் பளபளவென்று நிற்கிறது. அவர் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. "மாப்ள இதை எப்படி வச்சிருக்காரு பாரு! அடுத்தவன்னா இந்நேரம் காயலாங்கடைக்கு அனுப்பியிருப்பான்" என்று காசிலிங்கத்திடம் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் உப்பளத்து ரோட்டில் சிரித்த அந்த மாமியார் முகம் ஞாபகத்துக்கு வந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு கோழிக் குழம்பு சாப்பிட்டேன்.

திரும்பும்போது வண்டி மாறியது. ரோடு கிங் என் கையில்! உதைத்தேன், உறுமியது. உதைக்கிற கம்பியே கியர்க் கம்பியாக மாறிக்கொள்வது இரண்டு வண்டிக்கும் பொது. ஆனால் இதில் கியர் விழுவதே தெரியவில்லை. பனங்காடு இரண்டு பக்கமும் ஓடியது. திருச்செந்தூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. எனக்குப் பாட்டுப் பாட வேண்டும் போல இருந்தது. பாடினேன். பின்னால் இருந்து தடை உத்தரவு வரவில்லை. அதிலேயே அவள் மனம் இளகிவிட்டது என்று தெரிந்தது.

"எப்படி ஏளா?"

"நல்லா இருக்கு."

"சீட்டு?"

"மெத்தை."

"குலுக்கல்?"

"இல்லவே இல்ல. தூக்கம் வருது."

"வேகம்?"

"கண்ணைக் கட்டுது. நல்ல வண்டிதாங்க. பொய் சொல்லக் கூடாது."

ஐயா, நான் ஜெயித்துவிட்டேன்! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கருத்தோடு அவள் ஒத்துப்போன முதல் நாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது நெஞ்சு நாலு விரல் விரிந்திருந்தது. காசிலிங்கம் ஜாவாவில் பின்னாலேயே வந்து சேர்ந்தான். இறங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணாச்சி, மாமா வீட்ல வச்சே டயர்ல காத்தைக் கொஞ்சம் எறக்கி, போல்ட்டை முறுக்கினேன். என்ன ஓட்டம்! இதையா நீங்க…"

நான் அவன் காலை மிதித்தேன். முத்துக்கனி ஜமுக்காளத்தை உதறிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாளைக்கு டீலர் கிட்டப் போயிரட்டா?" என்றேன்.

"போங்க. ஆனா அப்பா மனசு சங்கடப்படாம இருக்கணும்லா? அம்மன் சொன்னான்னா அப்பாவும் ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பூக்கட்டிப் பாத்துருவோம். சிவப்பு வந்தா புது வண்டி. வெள்ளை வந்தா பழசு. இன்னிக்கு வெள்ளிக்கெழமைதான? சாயங்காலமே போவோம்."

எங்கள் பக்கத்தில் கல்யாணம், கடை, மனை எல்லாவற்றுக்கும் இது உண்டு. சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று. தனித்தனி வாழையிலையில் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் போட வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். எது வந்ததோ அதுதான் உத்தரவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"கட்டுறது யாரு?" என்றேன்.

"நீங்களே கட்டுங்க. எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்று ஒரு சிவப்பு அரளியையும் ஒரு வெள்ளைப் பிச்சிப் பூவையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

பூனையிடம் கருவாட்டுக் கூடையைக் கொடுத்த மாதிரி ஆயிற்று. கொல்லையில் அரளிச் செடி பூத்துக் குலுங்குகிறது. பிச்சியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இன்னொரு சிவப்பைப் பறித்தேன். இரண்டு இலை, இரண்டிலும் சிவப்பு. அம்மன் எதை எடுத்தாலும் ரோடு கிங்! தெய்வத்துக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

ஜாவாவிலேயே கோயிலுக்குப் போனோம். கடைசிச் சவாரி என்று அதன் டேங்க்கைத் தட்டிக்கொடுத்தேன். முப்பிடாதி அம்மன் சந்நிதியில் பூசாரி மாசானம் இரண்டு பொட்டலத்தையும் வாங்கி, குலுக்கி, அம்மன் காலடியில் போட்டார்.

"என்ன கேக்கணுமோ கேளுங்கம்மா."

முத்துக்கனி கண்ணை மூடினாள். கை கூப்பினாள். கோயிலே கேட்கும்படி சொன்னாள்:

"தாயே, சிவப்புப் பூ வந்தா எங்க சிவப்பு வண்டியே நெலைக்கட்டும். வெள்ளைப் பூ வந்தா புது வண்டி வரட்டும்."

எனக்குக் கோயில் மணி காதுக்குள் அடித்தது.

"ஏளா! வீட்ல மாத்தியில்லா சொன்ன?"

"அப்படியா சொன்னேன்? பரவால்லங்க. நம்ம வண்டி சிவப்பு, பூவும் சிவப்பு. இதுதான பொருத்தம்?"

"அது எப்படி? பேசினது பேசினதுதான். பழையபடிதான் கேக்கணும்!"

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பால் வடிந்தது.

"எப்படிக் கேட்டா என்னங்க? உள்ள ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளைதான? ரெண்டுக்கும் சரிபாதி வாய்ப்புதான?"

மாசானம் என்னைப் பார்த்தார். "அம்மா சொல்லுதது ஞாயம்தான அண்ணாச்சி? ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளைதான கட்டியிருக்கிய?"

நான் என்ன சொல்வேன்? இல்லை, இரண்டும் சிவப்பு, அம்மனை ஏமாற்றலாம் என்று வந்தேன் என்றா? வேப்பிலை ஏந்தி நிற்கிற அந்தப் பூசாரியிடமா? பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். "ஆமா" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

மாசானம் கும்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். நானும் வேண்டிக்கொண்டேன். அந்தப் பூ எப்படியாவது வெளுத்துப் போகட்டும் என்று அவ்வளவு உருக்கமாக வேண்டினேன். நாரை அவிழ்த்தார்.

"சிவப்பு! ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!"

முத்துக்கனி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பத்துப் பேரும் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன், கொஞ்சம் பலமாக.

"அந்த இன்னொரு பொட்டலம்?" என்று மாசானம் அதை நோக்கிக் கையை நீட்டினார். முத்துக்கனி சட்டென்று அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "அதுல வெள்ளைதான சாமி இருக்கும்? அதை என்னத்துக்குப் பிரிச்சிக்கிட்டு?"

அன்று அவள் என் மானத்தைக் காப்பாற்றினாள். ரோடு கிங்கை நாகர்கோவிலுக்கு அனுப்பிவைத்ததும் அவள்தான். இரண்டையும் ஒரே முடிச்சில் முடித்துவிட்டாள்.

வெளியே வந்தோம். ஜாவாவை உதைத்தேன். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகித் தொலைத்தது. முத்துக்கனி பின்னால் ஏறி, ஒரு பக்கமாக உட்கார்ந்து, என் தோள் வழியாகக் கையை விட்டு, சட்டைப் பைக்குள்ளிருந்து பிச்சிப் பூவை எடுத்துத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"வாசம் வீட்ல இருந்தே தூக்குது. வண்டிய எடுங்க."